எல்லைத் தமிழரும் லுத்தரன் கூட்டுப் பதிப்பும்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் கோயம்புத்தூர், பொள்ளாச்சி வட்டாரம். மேற்கு வாயிலில் பாலக்காடு. 19ஆம் நூற்றாண்டில் இந்த இரு வாயில்களிலும் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்த இரண்டு மிஷன்கள் பணியாற்றின. கிழக்கே இருந்தது லைப்சிக் மிஷன். லுத்தரன் விசுவாச அறிக்கையில் சிறிதும் தளர்வு காட்டாத அந்த மிஷன் தமிழில் கற்பித்தது, தமிழில் அச்சிட்டது. மேற்கே இருந்த பாசல் மிஷன் லுத்தரன் மரபையும் கால்வின் வழி வந்த மரபையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தது. அதன் நூல்கள் மலையாளத்திலும் கன்னடத்திலும் வெளிவந்தன. இரண்டுக்கும் இடையில், அக்காலத்துக் கொச்சி அரசின் பகுதியாகிய சித்தூர் வட்டத்தில், தமிழ் பேசும் ஊர்கள் இருந்தன; இன்றும் இருக்கின்றன. கொழிஞ்சாம்பாறையும் வேலந்தாவளமும் அவற்றில் சில. லைப்சிக் மிஷனுக்கு இவ்வூர்கள் களத்துக்கு வெளியே. பாசல் மிஷனுக்கு மொழிக்கு வெளியே.

எல்லைத் தமிழரின் சமய வாசிப்பைப் பற்றிப் பேச முற்படுவோர் இந்தப் பங்கீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1956இல் மாநில எல்லை வரையப்பட்டதால் வந்த சிக்கல் இது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அரசு நிர்வாகம், பள்ளி, வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பொறுத்தவரை அது சரியே. நூல் வெளியீட்டைப் பொறுத்தவரை எல்லை அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னரே விழுந்துவிட்டது. அந்த எல்லையை வரைந்தவை திருச்சபைகள். தங்கள் நிர்வாக எல்லையையே தங்கள் வாசகரின் எல்லையாகவும் அவை எடுத்துக்கொண்டன. இப்பழக்கம் இன்றுவரை நீடிப்பதே இப்பதிவின் விவாதப்பொருள்.

இதே சிக்கலுக்கு வேறொரு மொழியில் வேறொரு விடை கிடைத்திருக்கிறது. ஸ்பானிய மொழி உலகில் லுத்தரன்கள் சிறு சிறுபான்மையினர். கத்தோலிக்கம் வேரூன்றிய இருபது நாடுகளில், ஒன்றோடொன்று நேரடித் தொடர்பில்லாத சிறு சபைகளாக அவர்கள் சிதறிக் கிடந்தனர். ஒரு நாட்டுச் சபை தனக்கென ஒரு வழிபாட்டு நூல் அச்சிடுவது பொருளாதார அளவில் நடக்கக்கூடியதன்று. ஆகவே 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நாடு, சபை என்னும் அலகுகளை விட்டு மொழியை அலகாகக் கொண்டு பதிப்புத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. 1964இல் வெளிவந்த ‘குல்தோ கிறிஸ்தியானோ’ என்னும் வழிபாட்டு நூலை வெவ்வேறு லுத்தரன் அமைப்புகளைச் சேர்ந்த ஸ்பானிய மொழிச் சபைகள் கையாண்டன. 1967 முதல் மார்ட்டின் லுத்தரின் நூல்கள் ஸ்பானிய மொழியில் தொகுதி தொகுதியாக பியூனோஸ் ஐரிசில் வெளிவரத் தொடங்கின. வட அமெரிக்காவில் ஒரே பீடத்தில் நற்கருணை பெற இசையாத சபைகளின் மக்கள், ஸ்பானிய மொழியில் ஒரே பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பாடினார்கள். இறையியல் வேறுபாடுகள் தீர்ந்துவிடவில்லை. அவை தீரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று பதிப்பாளர்கள் முடிவெடுத்தார்கள், அவ்வளவே.

ஸ்பானிய மரபின் தொடக்கமே இப்படிப்பட்டதுதான். காசியோதோரோ தெ ரெய்னா மொழிபெயர்த்த முழு ஸ்பானிய விவிலியம் 1569இல் பாசல் நகரில் அச்சானது. நாடு துறந்து அலைந்த அவர் பின்னாளில் லுத்தரன் போதகரானார். அவருடைய மொழிபெயர்ப்பைத் திருத்தி 1602இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட சிப்ரியானோ தெ வலேராவோ கால்வின் மரபினர். இன்று உலகெங்கும் ஸ்பானியச் சீர்திருத்தக் கிறிஸ்தவர் கையில் இருக்கும் ‘ரெய்னா–வலேரா’ இருவர் பெயரையும் ஒருசேரச் சுமக்கிறது. பாசலில் அந்நூல் அச்சேறிய ஒன்பதாம் ஆண்டில், 1578இல், ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சானது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் இன்றைய கேரள மண்ணில் அச்சானது என்பதைத் தமிழ் அச்சு வரலாறு எழுதுவோர் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

தமிழுக்கும் கூட்டுப் பதிப்பு புதிதன்று. தமிழில் லுத்தரன் அச்சு கூட்டு முயற்சியாகவே பிறந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஜெர்மானியர். அவரை அனுப்பியவர் டென்மார்க் மன்னர். அவருக்கு அச்சு இயந்திரமும் தாளும் அனுப்பியது எஸ்.பி.சி.கே. என்னும் இலண்டன் ஆங்கிலிக்கன் சங்கம். தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பியது ஹாலே நகரம். இயந்திரம் 1712இல் வந்து சேர்ந்தபோது தமிழ் எழுத்துகள் வந்திருக்கவில்லை. ஆகவே அந்த அச்சுக்கூடத்தின் முதல் வெளியீடுகள் போர்த்துகீசிய மொழியில் அமைந்தன. ஐபீரிய மொழியொன்றில் சமய நூல் வெளியிட லுத்தரன்களும் ஆங்கிலிக்கன்களும் கைகோத்த முயற்சி, நியூயார்க்குக்கும் பியூனோஸ் ஐரிசுக்கும் இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே காவிரிக் கழிமுகத்துக்கு அருகில் நடந்திருக்கிறது. பிறகு ஹாலேயிலிருந்து வந்த எழுத்துகள் அளவில் பெரியனவாக இருந்து தாளை விழுங்கியதால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. இலண்டனிலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பேழைகளின் உலோகம் அதற்குப் பயன்பட்டது. பொறையாற்றில் காகித ஆலையும் எழுந்தது.

இந்தக் கூட்டு நீடித்ததற்குக் காரணம் ஒவ்வொரு தரப்பும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தது. தங்கள் ஆயர் அமைப்பை ஏற்காத லுத்தரன்களின் நூல்களுக்கு ஆங்கிலிக்கன் சங்கம் பணம் தந்தது. 1761இல் புதுச்சேரி வீழ்ந்தபோது ஆங்கிலேயர் கைப்பற்றிய அச்சு இயந்திரம் சென்னை வேப்பேரியில் பப்ரிசியுசிடம் ஒப்படைக்கப்பட்டது. அரசின் அச்சுவேலையையும் செய்து தர வேண்டும் என்னும் நிபந்தனையை அவர் ஏற்றுக்கொண்டார். அவருடைய 1779ஆம் ஆண்டு அகராதி அந்த வேப்பேரிக் காலத்தின் விளைச்சல்.

விட்டுக்கொடுக்க மறுத்த இடங்களும் உண்டு. கூட்டுப் பதிப்பைப் புகழ்ந்து எழுதுவோர் இவற்றை மறைக்கலாகாது. பிரஷ்ய நாட்டு லுத்தரனாகிய இரேனியஸ் ஆங்கிலிக்கன் சி.எம்.எஸ். சங்கத்தின் ஊழியராகத் திருநெல்வேலியில் பணியாற்றினார். தமிழில் துண்டுப் பிரசுர வெளியீட்டுக்கு வித்திட்டவர்களுள் ஒருவர். சபை ஒழுங்கு பற்றிய பிணக்கில் 1835இல் சங்கம் அவரை விலக்கியது. மறுபுறம், அவருடைய விவிலிய மொழிபெயர்ப்பைத் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். பழகிய சொற்களை மக்கள் வாயிலிருந்து பறிக்கும் உரிமை புதிதாக வந்த மிஷனரிகளுக்கு இல்லை என்பதே அவர் தரப்பின் சாரம். 1871இல் பவர் குழுவின் விவிலியம் எல்லாச் சபைக்கும் பொதுவானது என்னும் நோக்கத்தோடு வந்தபோது, லுத்தரன் சபைகள் பப்ரிசியுசின் பாடத்தையே நெடுங்காலம் பற்றிக்கொண்டிருந்தன. இதைப் பிடிவாதம் என்று ஒதுக்குவது எளிது. பப்ரிசியுசின் ‘பராபரன்’ போய் பவரின் ‘தேவன்’ வந்தது ஒரு சொல்லின் மாற்றம் மட்டுமே என்று மொழிபெயர்ப்பாளர் கருதலாம். ஐந்து தலைமுறையாகப் ‘பராபரனே’ என்று கூப்பிட்டு வேண்டிய வாய்க்கு அது அப்படியிருக்க முடியாது.

தமிழ் பேசும் லுத்தரன்கள் இன்று மூன்று அமைப்புகளில் இருக்கிறார்கள். லைப்சிக், சுவீடன் மிஷன்களின் வழி 1919இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஒன்று. டேனிஷ் மிஷனின் வழி வந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபை மற்றொன்று. மூன்றாவது, இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. விவிலியத்தின் பிழையின்மை பற்றிய கருத்து வேற்றுமையால் லைப்சிக் மிஷனை விட்டு விலகிய இருவர் அமெரிக்காவின் மிசூரி சினடோடு இணைந்து 1895இல் கிருஷ்ணகிரியில் தொடங்கிய பணியின் வழி வந்தது அது. ஆம்பூரிலும் நாகர்கோவிலிலும் மட்டுமன்றிக் கேரளத்திலும் அதற்குச் சபைகள் உண்டு. பாசல் மிஷனின் மலபார்ச் சபைகளோ 1947இல் தென்னிந்தியத் திருச்சபைக்குள் சென்றுவிட்டன. கணவாயின் மேற்கு வாயிலில் இருந்த பாதி லுத்தரன் மரபு அத்துடன் வேறு பெயருக்குள் கரைந்தது. இடுக்கி மலைத் தோட்டங்களில் தமிழ்க் கிறிஸ்தவர் பெரும்பாலும் தென்னிந்தியத் திருச்சபையையோ கத்தோலிக்கத்தையோ பெந்தெகொஸ்தே சபைகளையோ சார்ந்தவர்கள். (மூணாற்றின் கார்மேல் அன்னை ஆலயத்தை 1898இல் நிறுவியவர் ஸ்பெயினிலிருந்து வந்த கார்மேல் சபைக் குருவானவர் என்பது, ஸ்பானிய மொழியோடு இந்தப் பேச்சைத் தொடங்கியோருக்கு ஒரு சிறு வியப்பாக இருக்கலாம்.)

அப்படியானால் லுத்தரன் பெயர்ப்பலகை அரிதாக உள்ள இடத்தில் லுத்தரன் கூட்டுப் பதிப்புக்கு என்ன வேலை என்னும் கேள்வி எழும். விடை பெயர்ப்பலகையில் இல்லை. நூல்களின் உள்ளே இருக்கிறது. பவரின் விவிலியம் பப்ரிசியுசின் உரைநடை மேல் எழுப்பப்பட்டது. தேயிலைத் தோட்ட லயத்தில் ஒரு பாட்டி மாலையில் வாசிக்கும் சங்கீதத்தின் நடை, அவர் எந்தச் சபையைச் சேர்ந்தவராயினும், வேப்பேரியில் அமர்ந்து எழுதிய லுத்தரனின் நடையிலிருந்து இறங்கி வந்தது. அந்த உரைநடையின் உரிமையாளர் என்று தம்மைக் கருதுவோருக்கு அதன் வாசகர்மேல் ஒரு கடமை உண்டு.

அந்தப் பாட்டியின் பேத்தியிடத்தில்தான் விவாதம் கூர்மை பெறுகிறது. தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை, சித்தூர் வட்டங்களில் தமிழ் வழிப் பள்ளிகள் இருக்கின்றன. ஆயினும் மேற்படிப்பும் அரசு வேலையும் மலையாளத்தையும் ஆங்கிலத்தையும் நோக்கியே இழுக்கின்றன. கேரளத்தின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் மலையாளத்தைப் பள்ளிகளில் கட்டாயமாக்கியிருக்கிறது. மலையாள வழியில் படிக்கும் பிள்ளை வீட்டில் தமிழ் பேசும், ஆலயத்தில் தமிழில் பாடும். ஆனால் தமிழ் எழுத்தைக் கூட்டி வாசிக்கத் திணறும். அவளுக்குச் சென்னையிலிருந்து வரும் தமிழ் நூல் இருவகையில் எட்டாமற் போகிறது: ஒன்று எழுத்து, மற்றது சொல்.

சொல்லை முதலில் பார்க்கலாம், ஏனெனில் அதுவே யாரும் எதிர்பாராத திசையில் செல்கிறது. கடந்த அரை நூற்றாண்டில் தமிழ்க் கிறிஸ்தவ மொழி தூயதமிழை நோக்கி நகர்ந்திருக்கிறது. விசுவாசம் நம்பிக்கை ஆயிற்று. கிருபை அருள் ஆயிற்று. ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆயிற்று. தேவன் கடவுள் ஆனார். சபைகள் இணைந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் இந்த நகர்வின் பெரிய சாதனை. தமிழ்நாட்டு மாணவருக்கு இம்மொழி தெளிவைத் தந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் மலையாளத்தில் இன்றும் விசுவாசம், கிருப, ஸ்நானம் என்பவையே வழங்கு சொற்கள். பள்ளியிலும் அண்டை வீட்டிலும் மலையாளம் கேட்டு வளரும் எல்லைப் பிள்ளைக்குப் ‘பழைய’ மணிப்பிரவாளத் தமிழ் பாதி அறிமுகமானது; ‘எளிய’ தூயதமிழோ அகராதி தேடவைப்பது. தமிழ்நாட்டில் முன்னேற்றமாகக் கருதப்படும் மொழிநடை இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் தடையாகிவிடுகிறது.

எல்லாச் சொல்லும் இப்படி இணங்குவதும் இல்லை. மலையாள விவிலியத்தில் இறைவனுக்குரிய பொதுச்சொல் ‘தெய்வம்’. தமிழ்ச் சீர்திருத்தச் சபையினர் வழிபாட்டில் தவிர்த்து வந்த சொல் அது. குலதெய்வம், கிராமதெய்வம் என்னும் தொடர்புகள் அதனோடு ஒட்டியிருக்கின்றன. எல்லைப் பிள்ளை இரண்டு மொழியிலும் செபிக்கிறாள். ஒன்றில் உரிய சொல் மற்றதில் விலக்கப்பட்ட சொல். இதை அவளுக்கு விளக்க ஒரு பக்கக் குறிப்பு போதும். அந்தக் குறிப்பை எழுதுவதற்குத் தமிழ் இறையியல் கல்லூரியொன்றின் ஆசிரியரும் மலையாள ஆசிரியரும் ஒரே மேசையில் அமர வேண்டும். மூன்று லுத்தரன் சபைகளில் எதுவும் தனியாக அந்த மேசையைப் போட முடியாது.

எல்லை மக்கள் தங்கள் சொற்களைத் தாங்களே ஆக்கிக்கொள்வதையும் கவனிக்க வேண்டும். 2015இல் மூணாற்றில் போனஸ் கேட்டு எழுந்த தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் தங்கள் அமைப்புக்குப் ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயரிட்டார்கள். தமிழ் இலக்கண மாணவருக்கு ஒருமை என்றால் பன்மைக்கு எதிர்ச்சொல். ஒன்றுபடுதலுக்கு ஒற்றுமை என்ற சொல் இருக்கிறது. மலையாளத்தில் ஒருமை என்பதே ஒன்றுபடுதல். அந்தப் பெண்கள் தேர்ந்த சொல்லைப் பிழை என்று திருத்த எந்தப் பதிப்பாசிரியருக்கும் துணிவு வராது. சமய நூலில் மட்டும் அத்தகைய வழக்குகளைக் கொச்சை என்று நீக்குவது எந்த நியாயத்தில் சேரும்?

இனி எழுத்து. தமிழ் மொழியை மலையாள எழுத்தில் அச்சிட்டுத் தரலாம் என்னும் யோசனைக்குப் பாசல் மிஷனிலேயே முன்மாதிரி உண்டு. மங்களூரில் துளு மொழி நூல்களை அம்மிஷன் கன்னட எழுத்தில் அச்சிட்டது. நீலகிரியின் படகர் மொழிக்கும் கன்னட எழுத்தையே கையாண்டது. வாசகர் கிடைத்தார்கள். ஆனால் துளுவுக்கு ஏட்டுச்சுவடிகளில் இருந்த எழுத்துமுறை அச்சுக்கு வராமலே வழக்கொழிந்தது. இன்று அதை மீட்க அறிஞர்கள் பாடுபடுகிறார்கள். தமிழ் வழிக் கல்விக்காக எல்லைப்பகுதிகளில் போராடி வருவோர் மலையாள எழுத்துத் தமிழ் என்றவுடன் பதறுவது இதனால்தான். அந்தப் பதற்றம் நியாயமானது. எனவே எழுத்தை மாற்றி அச்சிடுவது ஏற்கத்தக்க வழி அன்று. எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே தமிழ்ப் பாடத்தை இரண்டு எழுத்திலும் தருவது வேறு. இடப்பக்கம் பாட்டிக்கு, வலப்பக்கம் பேத்திக்கு. வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கத்தைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் அதில் இருக்கிறது. லுத்தரின் சிறிய ஞானோபதேசம், ஐம்பது பாடல்கள், அடக்க ஆராதனை ஒழுங்கு: தொடக்கத்துக்கு இவை போதும். அடக்க ஆராதனையை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. ஊரில் பல சபையாரும் ஒன்றாக நின்று ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டிய பக்கம் அது.

வாசகர் எண்ணிக்கை மிகக் குறைவு என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் தடை. ஈய எழுத்துக் காலத்தில் அது தடைதான். முந்நூறு படிகளைக்கூடக் கட்டுபடியாகும் விலையில் தரும் டிஜிட்டல் அச்சு வந்தபின் அந்தக் கணக்கு மாறிவிட்டது. எண்ணிக்கையை எதைக்கொண்டு எண்ணுவது என்பதும் பதிப்பாளர் கையில் இருக்கிறது. ஒரு சபையின் சித்தூர் உறுப்பினரை மட்டும் எண்ணினால் சில குடும்பங்கள் தேறலாம். மலையாள எழுத்தை மட்டும் அறிந்த தமிழ்க் கிறிஸ்தவர் என்று எண்ணினால் திருவனந்தபுரம் முதல் வயநாடு வரை கணக்கு விரியும். கத்தோலிக்கர் இதை உணர்ந்ததுபோல் தெரிகிறது. கோயம்புத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்துப் பாலக்காட்டில் 2013இல் சுல்தான்பேட்டை மறைமாவட்டத்தை அமைத்தார்கள்; மாநில எல்லைக்கு இருபுறமும் சிதறிய பொறுப்பு ஓரிடத்தில் குவிந்தது. லுத்தரன்களுக்கு மறைமாவட்டம் அமைக்கும் தேவை இல்லை. ஒரு பதிப்புக்குழு போதும்.

அக்குழு எங்கே கூட வேண்டும் என்பது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். தமிழ் லுத்தரன் நிறுவனங்களின் பழக்கத்தில் கூட்டம் என்றால் சென்னைக் கீழ்ப்பாக்கம், அல்லது திருச்சி. எல்லைப் பகுதிகளுக்கு நூல் கடைசியாகச் செல்லும். கருத்துக் கேட்பு அதற்கும் பின்னால். மதுரை அரசரடியில் தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபைகளும் இணைந்து நடத்தும் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து தேனி, போடி வழியாக மூணாறு அரைநாள் பயணம். பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் சித்தூர் வட்டம். இந்த இரண்டு வழிகளிலும் மெய்ப்புத் தாள்கள் முதலில் போய்த் திரும்பி வரட்டும். எந்தச் சொல்லின்கீழ் அங்குள்ள வாசகர் கோடிடுகிறார்கள், வலப்பக்கத்தில் எந்த இடத்தில் பேத்தியின் நாக்கு தடுக்குகிறது என்பதைப் பார்த்த பிறகு, அட்டையில் எந்தச் சபையின் முத்திரை முதலில் வர வேண்டும் என்னும் விவாதத்தைச் சென்னையில் வைத்துக்கொள்ளலாம்.